பன்னிரண்டாவது ஆள்

எங்கள் கூட்டத்தில் மலைக்குப் போகிறவன் இரண்டு முறை குரல் கொடுக்க வேண்டும். உள்ளே போகும்போது ‘இருக்கேன்’. வெளியே வரும்போது ‘வந்துட்டேன்’. நான் முதலாவதைச் சொன்னேன். இரண்டாவதை இன்னும் சொல்லவில்லை. பதினோரு வருடம் ஆகிறது. ஈப்போ பக்கம் லகாட்டில் வீடு வாங்கிவிட்டேன், கல்யாணமாகி இரண்டு பெண் பிள்ளைகள், ஏர்கோன் பழுதுபார்க்க இரண்டு வேன்கள் ஓடுகின்றன. ஆனாலும் எங்களை மலைக்குக் கூட்டிப்போன அண்ணனின் எண்ணிக்கைப்படி நான் இன்னும் கோப்பெங்குக்கு மேலே, மலைக்குள், ஏதோ ஓர் ஆற்றங்கரையில்தான் இருக்கிறேன்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் எல்லாருடைய பெயரையும் அவர் சொல்லிக் கூப்பிட்டார். அவர் பெயரை நாங்கள் யாரும் சொன்னதில்லை. முகத்துக்கு முன்னால் ‘அண்ணே’. முதுகுக்குப் பின்னால் ‘கிராணி’. ரப்பர் தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். பெரட்டில் பெயர் எழுதுகிற கிளார்க் கிராணி. தோட்டங்கள் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. பெரட்டை மட்டும் இந்த மனிதர் விடவில்லை.

ஈப்போ சிலிபினில் அவருக்கு வீடு. பிழைப்புக்குப் பள்ளிக்கூட பஸ். நாள் முழுக்க ஜன்னல் ஓரம் கிடந்து வலது கை மட்டும் ஒரு நிறம் கூடுதல் கறுப்பு. கழுத்தில் எப்போதும் ஒரு சின்னத் துண்டு. குள்ளம், கொஞ்சம் தொந்தி. இந்த ஆளா மலைப்பாதையில் ஃபோர்வீல் வண்டி ஓட்டுகிறார் என்று முதலில் பார்க்கிற யாருக்கும் சிரிப்பு வரும். பள்ளி விடுமுறை விட்டால்தான் அவருக்கு ஓய்வு. ஆகவே பள்ளி விடுமுறை விட்டால்தான் நாங்கள் எல்லாருமே மலைக்குப் போவோம், காட்டுப்பாதையில் வண்டி ஓட்டி, கூடாரம் போட்டுத் திரிய. லோரி ஓட்டுகிறவன், வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவன் என்று ஆறு வண்டியில் பன்னிரண்டு பேர், எல்லாரும் பள்ளிப் பிள்ளைகளின் நாட்காட்டியைப் பார்த்து லீவு போட்டோம்.

கோப்பெங்கிலிருந்து மலைக்கு ஏறும் மண்சாலை ஒரு பழைய தோட்டத்தைக் கடந்து போகும். பால்மரம் நின்ற இடமெல்லாம் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. அந்தச் சாலை ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு முனியாண்டி கோயில். பெரிய மீசை, கையில் அரிவாள், நின்ற கோலம். அங்கேதான் பெரட்டு. ஆறு வண்டியும் நிற்க வேண்டும். எல்லாரும் இறங்கி வரிசையாக நிற்க வேண்டும். சுருட்டு கொளுத்தி வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து முடித்ததும் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். எங்களில் அந்தோணி கிறிஸ்தவன், மாதா கோயிலுக்குப் போகிறவன். அவனும் நிற்பான், அரை அடி தள்ளி. சிலுவைக் குறி போட்டுவிட்டு ‘இருக்கேண்ணே’ என்பான். நான் கடைசியாகச் சேர்ந்தவன், அதனால் கடைசிப் பெயர் என்னுடையது.

“சேகரு.”

“இருக்கேன்.”

“என்னையும் சேத்து பன்னெண்டு பேரு உள்ள போறோம், ஐயா. பாத்துக்க.”

நாலு நாளோ ஐந்து நாளோ கழித்து வெளியே வரும்போது அதே இடத்தில் மறுபடியும் வரிசை. உடம்பெல்லாம் சேறு, காலெல்லாம் அட்டை கடித்த ரத்தம், வயிறு நாசி லெமாக் சோற்றை நினைத்துக் கூவும். வீட்டுக்குப் போகலாம் என்றால் விடமாட்டார். பெயர் கூப்பிட்டு, எல்லாரும் ‘வந்துட்டேன்’ சொன்ன பிறகு ஒரு தேங்காயை உடைப்பார். உடைத்துவிட்டு, “எல்லாம் வந்துட்டாங்க. நீ ஒக்காரு, ஐயா,” என்பார்.

நாங்கள் வெளியே வரும் வரைக்கும் முனியாண்டி நின்றுகொண்டே இருப்பார், பெரட்டு முடிந்தால்தான் உட்காருவார் என்பது அண்ணனின் கட்சி. வேறு எந்தக் கோயிலிலும் நான் இதைக் கேள்விப்பட்டதில்லை. அந்தோணி ஒரு முறை கேட்டே விட்டான்.

“செல எப்பவும் நின்னுக்கிட்டுத்தானே இருக்குண்ணே?”

“அது வெறும் செலதான்லா. நா சொல்றது ஐயாவ.”

அந்தோணி இன்னொரு அரை அடி தள்ளி நின்றான்.

எண்ணுவது அவருக்கு மலையோடு நின்றுவிடும் காரியம் இல்லை. ஒரு கல்யாணத்துக்கு ஆட்களைத் தன் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார். விருந்து முடிந்து எல்லாரும் ஏறி உட்கார்ந்தாயிற்று. ஒரு தலை குறைகிறது. யாரோ ஒரு மாமா. மண்டபத்தில் தேடினார், கழிப்பறையில் தேடினார், சமையல்காரர்களைக் கேட்டார். பஸ்ஸில் பெண்கள் விசிறிக்கொண்டு திட்டுகிறார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து, அந்த மாமா யாருடைய மோட்டார்சைக்கிளிலோ எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டார் என்று போன் வந்தது. சரி என்று வண்டியை எடுத்தாரா? எடுத்தார், நேராக அந்த மாமா வீட்டுக்கு. மாமா தலையில் சோப்பு நுரையோடு கதவைத் திறந்தார். அண்ணன் அவர் முகத்தைப் பார்த்து, “சரி மாமா, குளிங்க,” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து பஸ்ஸில் ஏறினார். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு வீடு போய்ச் சேரும் பாக்கியம் கிடைத்தது.

எனக்கு அப்போதெல்லாம் இது எரிச்சலாக இருக்கும் என்றுதான் எல்லாரிடமும் சொல்வேன். உண்மை வேறு. என் முதல் பயணத்தில் இரண்டாம் நாள் மதியம் மழை பிடித்துக்கொண்டது. பழைய மரம் வெட்டும் பாதை, ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். முன் வண்டி சேற்றில் அச்சு வரைக்கும் புதைந்துவிட்டது. அதை வடம் கட்டி இழுக்கும் வரைக்கும் பின்னால் வந்த அத்தனை வண்டியும் அப்படியே நிற்க வேண்டியதாயிற்று. எனக்கு முன்னாலும் தெரியவில்லை, பின்னாலும் தெரியவில்லை. மண் சரியும் சத்தம் கேட்கிறது. நிற்கிற வண்டியில் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் அந்தோணி வாய்க்குள்ளேயே ஜெபம் சொல்கிறான். அப்போது மழையில் ஓர் உருவம் வண்டி வண்டியாக நடந்து வந்தது. ஒவ்வொரு வண்டியின் பானெட்டிலும் இரண்டு தட்டு. என் கண்ணாடியைத் தட்டினார், தலையில் துண்டு, மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

“சேகரு, பன்னெண்டு. ரொட்டி இருக்கா?”

இருக்கிறது என்றேன். போய்விட்டார். நான் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு ரொட்டியைப் பிரித்தேன். அப்போது நான் ஈப்போவில் ஓர் அறையில் தனியாக இருந்தேன். அம்மா தஞ்சோங் மாலிமில் அக்கா வீட்டில். வேலை முடிந்து அறைக்கு வந்தேனா, வரவில்லையா, வழியில் லோரி அடித்துக் கிடக்கிறேனா என்று கேட்க ஓர் ஆள் கிடையாது. ஒருவர் என் பெயரைச் சொல்லி நான் இருக்கிறேனா என்று பார்ப்பது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அந்த வரிசையில் நின்று ‘இருக்கேன்’ சொல்வதற்காகவே நான் மலைக்குப் போனேன் என்றுகூடச் சொல்லலாம். வெளியில் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இருப்பேன். என் குணம் அப்படி.

ஐந்தாவது பயணத்தில்தான் நான் எல்லாவற்றையும் கெடுத்தேன்.

அது ஐந்து நாள் பயணம். மூன்றாம் நாள் ஓர் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டிருந்தோம். மேலே நல்ல மழை, ஆறு பெருகிவிட்டது, கடக்க முடியாது, காத்திருக்க வேண்டும். அன்றைக்கு அம்மா இறந்து ஒரு வருடம். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் பசியாறும் முன்பே ஆற்றோரமாக மேலே நடந்துபோய் ஒரு பாறையில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது, அழுதேன். நேரம் போனது தெரியவில்லை. ஆற்றுச் சத்தத்தில் கீழே ஆறு வண்டிகளும் ஹாரன் அடித்தது எனக்குக் கேட்கவில்லை.

அவர்கள் நான் ஆற்றோடு போய்விட்டேன் என்று நினைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் கயிறு கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கியிருக்கிறார்கள். அண்ணன் என்னைக் கண்டுபிடித்தபோது இடுப்புக்குக் கீழே நனைந்திருந்தார், முழங்காலில் தோல் உரிந்திருந்தது. ஒரு வார்த்தை திட்டவில்லை. கையைப் பிடித்துக் கூட்டி வந்து, எல்லார் முன்னாலும் என் தோளில் கை வைத்து, “பன்னெண்டு,” என்றார். பயம் தெளிந்ததும் கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது.

“ஆய் போறதுக்குக் கேமரன் மலை வரைக்குமா போவாங்க, மச்சான்?”

அழுது வீங்கிய முகத்தோடு நான் நடுவில் நிற்கிறேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலேதான் எப்போதும் உட்கார்ந்திருக்கும்.

“நா என்ன ஒங்க ஸ்கூல் பஸ் புள்ளையாண்ணே? என்ன எண்றதுக்கு நீங்க யாரு?”

“எண்ணாம எப்டிலா விடுறது,” என்றார் மெதுவாக.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை.

“ஒங்களுக்குப் புள்ள இல்ல. அதான் ஊரான் புள்ளயெல்லாம் எண்ணிக்கிட்டுத் திரியிறீங்க.”

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் முகம் மாறியதாக எனக்கு நினைவில்லை. துண்டால் முழங்கால் ரத்தத்தைத் துடைத்தார். அடுப்புப் பக்கம் போய், பானையில் கிடந்த மீ நூடுல்ஸைக் கிளறி, ஒரு தட்டில் போட்டு என்னிடம் கொண்டுவந்து வைத்தார். பக்கத்தில் உட்காரவில்லை. எழுந்து போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். ஒரு மணி நேரம் ஏறி நடந்தால் மலையின் அந்தப் பக்கம் ஒரு காய்கறித் தோட்டம், அங்கே முட்டைக்கோஸ் ஏற்ற லோரி வரும். போகும்போது அந்தோணியை மட்டும் எழுப்பி, வண்டிச் சாவியைக் கொடுத்து, கிராணியிடம் சொல்லிவிடு, தேட வேண்டாம் என்றேன். கோபத்தில் போனேன் என்றுதான் பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோபமெல்லாம் இல்லை. வெட்கம். இன்னும் இரண்டு நாள் அந்த மனிதர் முன்னால் எப்படிச் சாப்பிடுவது, எப்படித் தூங்குவது, கடைசியில் அந்த வரிசையில் நின்று எந்த வாயால் ‘வந்துட்டேன்’ சொல்வது.

மிச்சத்தை அந்தோணிதான் சொன்னான். நான் போய்விட்டேன் என்று கேட்டதும் அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்.

“பசியாறிட்டுப் போனானா?”

வெளியே வந்தபோது கோயிலில் வரிசை. பெயர்களைக் கூப்பிட்டார். கடைசியில் என் பெயரையும் கூப்பிட்டு, கொஞ்ச நேரம் நின்று பார்த்தாராம். பிறகு, “பன்னெண்டு பேரு போனோம், ஐயா. பதினோரு பேரு வந்துட்டோம். ஒருத்தன் இன்னும் வரல,” என்று சொல்லிவிட்டு, தேங்காயை உடைக்காமல் திரும்ப வண்டியில் வைத்துவிட்டார்.

“அவன் ஈப்போவுல கால நீட்டிப் படுத்திருப்பான்ணே. வந்தாச்சுன்னு சொல்லி ஒடைங்க,” என்றிருக்கிறான் அந்தோணி.

“அவன் வந்து சொல்லணும்லா. பொய் சொல்லியா ஐயாவ ஒக்கார வெக்கிறது?”

அந்த வாரமே எனக்குப் போன் செய்தார். என் பேச்சைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரு நாளைக்கு வா, கோப்பெங் வரைக்கும் போலாம், ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வந்துவிடலாம் என்றார். “வாரேன்ணே,” என்றேன். போகவில்லை. அந்த வருடத் தீபாவளிக்கு வாழ்த்து சொல்லிவிட்டு அதே பேச்சு. “வாரேன்ணே.” அடுத்த தீபாவளிக்கும் அதே. அந்தோணியைத் தவிர மற்றவர்களை நான் பார்ப்பதையே நிறுத்திவிட்டேன். அவர்கள் மலைக்குப் போனார்கள், வந்தார்கள். ஒவ்வொரு முறையும் எல்லாரையும் எண்ணி முடித்த பிறகு, பழைய பாக்கி ஒன்று இருக்கிறது என்று முனியாண்டியிடம் என்னை ஞாபகப்படுத்துவாராம். பையன்கள் சிரிப்பார்களாம்.

என் போனில் அவர் அனுப்பிய ஒரு குரல் பதிவு இன்னும் இருக்கிறது. பின்னால் பிள்ளைகள் கத்தும் சத்தம், பஸ் இன்ஜின் சத்தம். “சேகரு, அண்ணன்யா. ஒன்னுமில்ல. இன்னிக்கிக் கோப்பெங் பக்கம் ஒரு சோலி, போறேன். பத்து நிமிசம் கெடைச்சா வாலா. இல்லாட்டி இன்னொரு நாளு.” பதினேழு விநாடி. அன்றைக்கு நான் கம்பாரில் ஒரு கடையில் வேலையாக இருந்தேன், கோப்பெங்கிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். கேட்டுவிட்டுப் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஒரு முறை நேரில் பார்த்தேன். ஈப்போவில் ஒரு சிக்னல். சிவப்பு விளக்கு. என் வேனுக்குப் பக்கத்தில் மஞ்சள் பஸ் வந்து நின்றது. மேலே ஜன்னலில் அந்தக் கறுத்த கை. குனிந்து என்னைப் பார்த்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. நான் கண்ணாடியை இறக்குவதற்குள் அவர் ஒரு விரலை என் பக்கம் நீட்டி, வாயசைத்தார். சத்தம் வரவில்லை, ஆனாலும் எனக்குப் புரிந்தது. பன்னெண்டு. அவருக்குப் பின்னால் நாலைந்து பிள்ளைகள் யாரைச் சொல்கிறார் என்று எட்டிப் பார்த்தன. விளக்குப் பச்சையானது. நான் வலது பக்கம் திரும்ப வேண்டும், அவர் நேராகப் போக வேண்டும். போய்விட்டார். அடுத்த ஞாயிறு கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஞாயிறு என்ன வேலை வந்தது என்று இப்போது யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை.

எட்டு மாதத்துக்கு முன் அந்தோணி போன் செய்தான். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள், அவ்வளவுதான். சிலிபினில் அந்தச் சின்ன வீட்டு வாசலில் கூட்டம் தெருவை அடைத்து நின்றது. அவர் பஸ்ஸில் போய்வந்து இப்போது வளர்ந்துவிட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். அவரைத் தூக்கும்போது எனக்குத் தானாகவே எண்ணத் தோன்றியது. எங்கள் மலைக்கூட்டத்தில் பதினோரு பேரும் வந்திருந்தோம். அண்ணன் வீட்டு அக்காவின் முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டேன். பிள்ளை இல்லை என்று நான் சொன்னது அவரை மட்டுமில்லையே, அவர் மனைவியையும் சேர்த்துத்தானே.

போன மாதம் அந்த அக்காவே கூப்பிட்டார். அண்ணனின் சாமான் ஒன்று என்னிடம் சேர வேண்டியது, வந்து வாங்கிக்கொள் என்றார். இந்த முறை அன்றைக்கே போனேன். பசியாறச் சொல்லி தோசை சுட்டு வைத்தார். சாப்பிட்டு முடித்ததும் உள்ளே போய் ஒரு தேங்காயைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

“பஸ்ஸுல சீட்டுக்கு அடியில வெச்சிருந்தாரு. கெட்டுப்போனா வேற ஒன்னு வாங்கி வெப்பாரு. பதினோரு வருசமா எத்தன காய் வாங்கியிருப்பாருன்னு எனக்கே தெரியாது. கடைசியா வாங்குனது இது.”

அப்போதுதான் கேட்டேன், கேட்டே ஆக வேண்டியிருந்தது.

“அக்கா, நா அவர என்ன சொன்னேன்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். அன்னிக்கே சொன்னாரு. எனக்கு ஒம்மேல சரியான கோவம். அவருதான், ‘அவனுக்கு என்னமோ துக்கம், அழுதுட்டு இருந்தான், நா போய் கலைச்சிட்டேன்’னாரு.”

அவர் பார்த்திருக்கிறார். பாறையில் நான் அழுததைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் கூட்டத்தின் முன்னால் அதைப் பற்றி வாய் திறக்காமல் ‘பன்னெண்டு’ மட்டும் சொல்லியிருக்கிறார்.

“ஆஸ்பத்திரியில கேட்டேன், சேகர வரச் சொல்லவான்னு. வேணாம்னாரு. ‘அவன் கோயிலுக்கு வராட்டியும் பரவால்லலா. அவன் வராத வரைக்கும் ஐயா ஒக்கார முடியாது. அவன் பின்னாலயே நிப்பாரு. நா இல்லாட்டியும் ஒரு ஆளு அவனப் பாத்துக்கிட்டு இருக்கட்டும்’னாரு.” அக்கா என் தட்டை எடுத்துக்கொண்டார். “இன்னொரு தோச போடவா?”

அந்த வீட்டு மேசையில் தலையைக் கவிழ்த்து நான் அழுதேன். அக்கா தடுக்கவில்லை, தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்திருந்தார்.

அங்கிருந்து நேராகக் கோப்பெங் போனேன். காலை பத்து மணி இருக்கும். செம்பனைக்கு நடுவே மண்சாலை இன்னும் அதே குழிகளோடு இருந்தது. கோயிலுக்குத் தகரம் புதிதாகப் போட்டிருந்தார்கள். ஐயாவின் மீசைக்குக் கறுப்பு மை புதிது. தேங்காயை எடுத்துக்கொண்டு இறங்கினேன். காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே கொஞ்சம் தண்ணீர் இருந்தது.

வரிசையில் என் இடம் எனக்குத் தெரியும். கடைசி, வலது ஓரம், வேலிக் கம்பத்துக்குப் பக்கத்தில். அங்கே போய் நின்றேன். எனக்கு முன்னால் யாருமில்லை. ஒரே ஒரு சொல்தான். சொல்லி, காயை உடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. ஐயா உட்காரலாம். அண்ணன் கேட்டதும் அதுதானே. என் பெயரை யாராவது கூப்பிட்டிருந்தால் சொல்லியிருப்பேன். காத்துக்கொண்டு நின்றேன். காற்றில் செம்பனை ஓலை உரசும் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. எனக்கு அந்தக் குரல் வேண்டும். அதே தொந்தி, அதே துண்டு, ‘சேகரு’ என்று இழுக்கும் அதே இழுப்பு. பதினோரு வருடம் கூப்பிட்டபோது போகாதவனுக்கு இப்போது அது வேண்டுமாம்.

இந்தக் காயை உடைத்துவிட்டால், அந்த மனிதர் எனக்காக மிச்சம் வைத்துவிட்டுப் போனது எதுவும் இருக்காது. வண்டிக்குத் திரும்பி, தேங்காயை என் சீட்டுக்கு அடியில் வைத்தேன். பிறகு மறுபடியும் வந்து ஐயாவின் முன்னால் நின்றேன்.

“ஐயா, கால் வலிக்கும்னு தெரியும். இன்னும் கொஞ்ச நாளைக்கு நில்லுங்க. பன்னெண்டாவது ஆளு இன்னும் வரல.”